பிறையும் கோமா கொத்தும்

ஏப்ரல் 3

குசினிக் கதிரையை மொட்டைமாடிக்கு மாற்றுவதென்று நீண்ட ஆலோசனைக்குப் பின் இன்று தீர்மானித்தேன். எதிர்த்தவர் கணவர் றுவைஸ் ஒருவரே. "அப்ப நான் எதில இருந்து வெங்காயம் உரிக்கிறது?" ஆட்சேபம் குறித்துக்கொள்ளப்பட்டது. இனி உட்கார்ந்தே தொலைநோக்கியில் பார்க்கலாம். பார்க்க வேண்டியது முப்பது கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது, முதுகு முக்கியம்.

ஏப்ரல் 5

மேகம்.

ஏப்ரல் 6

கோமா என்பது ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன் மண்டலங்கள் கூடிய கொத்து. மூன்று ஏப்ரலாக அதைப் படமெடுக்க முயல்கிறேன். எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், இதை யாரும் நம்புவதில்லை. நோன்பு மாதத்தில் தொலைநோக்கியோடு நிற்பவள் பிறை பார்க்கிறாள். மேலே வேறென்ன இருக்கிறது?

"பிறைக்கு இன்னும் நாள் கிடக்கு டீச்சர்," என்றார் ஒழுங்கையே அண்ணன் முறையில் 'காக்கா' என்றழைக்கும் பலசரக்குக் கடை முஹம்மது தம்பி, இரக்கத்தோடு.

பெருநாளுக்கு ஒழுங்கை முழுக்க மின்குமிழ் கட்டியாயிற்று. பிறை கண்டதும் எரியும், ஒரு கிழமைக்கு, ஏழு இரவும்; அந்த வெளிச்சத்தில் கோமா தெரியாது. அதற்குள் நிலா வளர்ந்துவிடும். அதற்கு முன் வானம் ஓர் இரவாவது வெளிக்குமா?

ஏப்ரல் 8 — இருபத்தொன்பதாம் நோன்பு

துடைத்துவிட்டது போல் வானம். இன்று பிறை தெரிந்தால் நாளை பெருநாள்; இல்லையேல் இன்னொரு நோன்பு. அந்தித் தொழுகையான மஃரிபுக்குப் பிறகு காக்காவின் குரல்: "கண்டாச்சு! கண்டாச்சு!" துறைமுகத்துக்கு மேலே மெல்லிய வெள்ளைக் கோடு. அவரும் பள்ளிவாசல் நிர்வாகத்தாரும் மாடிக்கே வந்துவிட்டார்கள்.

"கொழும்புப் பிறைக்குழுவுக்கு அறிவிக்கோணும். நீங்களும் ஒருக்காப் பாருங்க டீச்சர்," என்றார் காக்கா.

பார்த்தேன். விமானம் விட்டுப்போன புகை.

"பிறை இல்லை."

"நல்லாப் பாருங்க!"

"கலைஞ்சுகொண்டு போகுது காக்கா. பிறை கலையாது."

"உங்களுக்கு இருட்டு வேணும். அதான் இல்லையெண்டு சொல்றீங்க."

இருட்டு வேண்டும்தான். அதற்காகவா சொன்னேன்? எனக்கே ஒரு கணம் சந்தேகம் — மறுபடி பார்த்தேன். புகைதான். எழுந்து கதிரையைக் காட்டினேன்.

"இருந்து நீங்களே பாருங்க."

பார்த்தார். கோடு இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தது. செருப்பைத் தேடினார். கீழே யாரோ கத்தினார்கள்: "பெருநாள் உடுப்பை மடிச்சு வைங்கடா, டீச்சர் இன்னொரு நோன்பு தந்திட்டா!"

ஒழுங்கையே ஏசியது. இவ்வளவு நிமிர்ந்து நான் அந்த மாடியில் நின்றதில்லை.

ஏப்ரல் 9

எங்கும் பிறை தென்படவில்லையென்று நேற்றிரவு அறிவித்தார்கள். ஒழுங்கையில் மின்குமிழ் எரியவில்லை. கோமாப் படத்தில் நாற்பத்தொரு விண்மீன் மண்டலங்கள்.