நான் ஒளித்த ஒன்பது சொற்கள்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்று தலைச் சோதனை. ஒவ்வொரு ஐஸ் ஹாக்கி பருவத்துக்கும் முன்னால் நடப்பது. மருத்துவர் கேர்ட்டு இருபது சொற்களை வாசிப்பார். ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு ஆட்டத்தில் தலையில் அடிபட்டால் மறுபடி இதே சோதனை. ஆகஸ்ட் எண்ணுக்குக் குறைந்தால் ஆட விடமாட்டார்கள்.

அதனால்தான் ஆகஸ்ட் எண்ணையே குறைத்து வைப்பது. எங்கள் அணியில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் அத்தனை பேரும் செய்வது. யாரும் பாடம் எடுப்பதில்லை. ஆட்டம் முடிந்து சவுனா அறையின் சூட்டில் வியர்க்க உட்கார்ந்தால் தானாகக் காதில் விழும்.

இருபதும் ஞாபகம் இருந்தது. பதினொன்று சொன்னேன். விழுங்கிய ஒன்பதை இங்கே எழுதிவைக்கிறேன், எனக்கே ஒரு சாட்சி: குருவி, ஏணி, உப்பு, மணி, தொப்பி, படகு, ஊசி, நரி, ஜன்னல்.

"முப்பத்திரண்டு வயசுக்கு இது கம்மி, ரீக்கா. சரியாத் தூங்கலையா?" என்றார் கேர்ட்டு. ஆமாம் என்றேன்.

வெளியே சல்லா காத்திருந்தாள். தற்காப்பில் என் ஜோடி. இருபத்திரண்டு வயது, வாய் மட்டும் நாற்பது.

"எத்தனை, கிழவி?"

"பதினொண்ணு."

"அட, அவ்வளவுதானா? மூளை உருகிருச்சா?"

கண்ணடித்தேன். அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. உள்ளே போனவள் பன்னிரண்டோடு வந்தாள், சிரித்துக்கொண்டே.

செப்டம்பர் 3

பிப்ரவரியில் ஒலிம்பிக். போன முறை கடைசி நாளில் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்தார்கள். இந்த முறை இல்லையென்றால் இனி இல்லை – என் முழங்கால் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆறு வயதிலிருந்து ஐஸில் நிற்கிறேன். கேட்டது இந்த ஒன்றைத்தான்.

நவம்பர் 15, சனி

ஆட்டத்தின் இரண்டாம் பகுதி. எங்கள் கோலுக்குப் பின்னால் ரப்பர் வட்டைத் துரத்திப் போனேன். பின்னாலிருந்து ஒருத்தி இடித்தாள், நெற்றி ஓரத்துப் பலகைச் சுவரில் மோதியது. எழுந்துவிட்டேன். உட்காரப் போனேன். சல்லா சட்டையைப் பிடித்து இழுத்தாள்: "அது அவங்க பெஞ்சுடி கிழவி! கட்சி மாறிட்டியா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எந்த பெஞ்சு எங்களுடையது என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

சோதனை. இந்த முறை எதையும் ஒளிக்கவில்லை. கண்ணை இறுக்கி, பல்லைக் கடித்து, முழு மூச்சாக முயன்றேன். பதின்மூன்று.

"ஆகஸ்ட்டை விட நல்லா இருக்கே! சுவர்ல மோதித் தெளிஞ்சிருச்சா?" கேர்ட்டு கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆடலாம்.

வெளியே வந்து பனியில் என் காரைத் தேடினேன். அரை மணி நேரம். நான் பேருந்தில் வந்திருந்தேன்.

நவம்பர் 20, வியாழன்

அரங்க உணவகத்தில் வழக்கமான வியாழக்கிழமை பட்டாணி சூப். வாசனையே குமட்டியது.

டிசம்பர் 6

எங்கள் நாட்டின் சுதந்திர தினம். வழக்கம்போல அம்மா வீட்டு ஜன்னலில் இரண்டு மெழுகுவர்த்தி. இரண்டே இரண்டு. அந்த வெளிச்சம் ஆணி மாதிரி கண்ணில் இறங்கியது. "அழறியா?" என்றாள் அம்மா. நாட்டுப்பற்று என்றேன்.

ஜனவரி 8, வியாழன்

ஒலிம்பிக் பட்டியலில் பெயர் வந்துவிட்டது! தேசியப் பயிற்சியாளர் இஸ்மோ காலையில் கூப்பிட்டார். "பையைக் கட்டு ரீக்கா" – அவ்வளவுதான் சொன்னார். அம்மா சமையலறையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

தலைவலியைச் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். ஒரு நொடிதான். ஐந்து வாரம். ஐந்து வாரம் தாங்கமாட்டாயா தலையே?

ஜனவரி 29

நான் சொல்லச் சொல்ல அம்மா எழுதுகிறாள். கோடு போட்ட காகிதத்தைப் பார்த்தால் எனக்குக் கோடுகள் நகர்கின்றன.

பதினேழாம் தேதி லீக் ஆட்டம். சாதாரண மோதல், தோள் மட்டும்தான் பட்டது என்கிறார்கள். எனக்குத் தெரியாது. அந்த நாளே என்னிடம் இல்லை.

என் இடத்துக்குச் சல்லாவை எடுத்திருக்கிறார்கள். எழுதும்மா. அதையும் எழுது.

பிப்ரவரி 12

திரை பார்க்கக் கூடாது. திரைச்சீலையை இழுத்துவிட்டு, ரேடியோவைச் சின்னதாக வைத்து ஒலிம்பிக் ஆட்டத்தைக் கேட்டேன். சல்லா பெயரைச் சொல்லும்போதெல்லாம் வயிறு எரிந்தது. சந்தோஷப்பட வேண்டும், படவில்லை. என் சட்டை அது. என் சட்டைடி.

மூன்றாம் பகுதியில் அவளைச் சுவரோடு சேர்த்து இடித்திருக்கிறார்கள். "விழுந்துட்டாங்க... எழுந்திரிக்கலை..." என்றான் வர்ணனைக்காரன். பொறாமை எல்லாம் எங்கே போனதோ. அவளுடைய பன்னிரண்டு ஞாபகம் வந்தது. நான் கண்ணடித்துக் கொடுத்த பன்னிரண்டு. எழுந்திரு, எழுந்திரு என்று படுக்கையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அம்மா ஓடி வந்தாள்.

எழுந்துவிட்டாள். மீதி ஆட்டத்தையும் ஆடினாள்.

ஏப்ரல் 22

அம்மாவின் தெருப் பெயர் ஞாபகத்துக்கு வரவில்லை. நான் வளர்ந்த தெரு.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

மறுபடி கேர்ட்டுவின் அறை. தலைவலி குறைந்து இரண்டு மாதம் ஆகிறது. கிளப் ஒரு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது. இருபது சொற்களை வாசித்தார். இருபதுக்கும்தான் முயன்றேன். முதுகில் வியர்வை வழிந்தது.

"பதினொண்ணு!" கேர்ட்டுவுக்கு அப்படியொரு மகிழ்ச்சி. பழைய தாளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். "போன ஆகஸ்ட்ல இருந்த அதே பதினொண்ணு. பழையபடி ஆயிட்டே ரீக்கா! அடுத்த வாரம் ஐஸ்ல இறங்கு."

வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் ஒரு வருடம். மூடிப் பழகிய வாய்தான். ஸ்கேட்ஸ் பை வாசலில் இருந்தது. வரும்போதே கொண்டுவந்திருந்தேன், வெட்கங்கெட்டவள்.

"அந்தப் பதினொண்ணு பொய், கேர்ட்டு. இதுதான் நிஜம்."

அவர் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "நவம்பர்ல நான் கையெழுத்துப் போட்டேனே..." என்றார், என்னிடம் இல்லை, தாளிடம். பிறகு, "வேற யாரெல்லாம் இப்படிப் பண்றீங்க?"

"சல்லாவோட பன்னிரண்டும் பொய். அவளை நல்லாப் பாருங்க."

நான் வீடு வந்து சேர்வதற்குள் சல்லா போனில் கூப்பிட்டாள். "என்னை எதுக்குடி காட்டிக்கொடுத்தே? உனக்கு முடிஞ்சுபோச்சுன்னா எனக்கும் முடியணுமா?" நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வைத்துவிட்டாள். கிழவி என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

போன ஆகஸ்ட் பக்கத்தைத் திருப்பினேன். ஒன்பதும் என் கையெழுத்தில் வரிசையாக இருக்கின்றன. இரண்டு முறை படித்தேன். நோட்டை மூடினேன். அம்மாவோடு ஒரு காபி குடித்துவிட்டு வந்து, விரல் விட்டு எண்ணிச் சொல்லிப் பார்த்தேன்.

குருவி, உப்பு, படகு, நரி.

இன்னொரு முறை சொன்னேன். நாலுதான்.