ஷிபு அண்ணனின் தொடை

ஆகஸ்ட் 3, திங்கள்

ஷிபு அண்ணனின் காலைக் கெடுத்தது ஊர்க் கிளப். இதில் சந்தேகமே இல்லை. எப்படிக் கெடுத்தது என்பதுதான் புரியவில்லை.

மழை. துணி காயவில்லை. ஈரச் சுரிதாரோடு மருந்துக்கடை வேலைக்குப் போய் வந்தேன்.

ஓணத்துக்கு நடக்கும் வடம்வலியில், அந்தக் கயிறு இழுக்கும் போட்டியில், கயிற்றை உடம்பில் சுற்றிக் கடைசியில் நிற்கிறவன் அண்ணன். எடை வரம்பு இல்லாத போட்டி. கடைசி ஆள் மலை மாதிரி இருந்தால் ஜெயிக்கலாம் என்று கிளப்பின் கணக்கு. அதனால் ஈஸ்டர் முடிந்ததிலிருந்து அவனை டைல்ஸ் லோடு இறக்கப் போக விடவில்லை. "ஒடம்பு எளச்சுப் போவும், வீட்டுல இரி மக்கா." தினமும் பார்சல். பொரோட்டா, தேங்காய்க்கொத்து போட்டு வறுத்த மாட்டிறைச்சி, எண்ணெய் மிதக்கும் முட்டைக்கறி. எல்லாம் கிளப் செயலாளர் பினுவின் ஓட்டலில் இருந்து.

இன்று கக்கூஸில் குந்தியவனால் எழ முடியவில்லை. அம்மாவைக் கூப்பிட்டான். முப்பது வயதுகூட ஆகவில்லை.

ஆகஸ்ட் 5, புதன்

நெய்யாற்றின்கரையில் டாக்டர். காத்திருந்தது அதிகம், பேசியது கொஞ்சம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொன்னார். இரண்டாம் தடவை அண்ணன் பொத்தென்று உட்கார்ந்துவிட்டான். ஸ்கேன். ரத்தத்தில் சர்க்கரை, கொழுப்பு இரண்டும் கூடுதல்.

"தடியுண்டு, பெலமில்லா" என்றார் மலையாளத்தில். தசை நார்களுக்கு இடையிலும் உள்ளேயும் கொழுப்பு ஏறி உட்கார்ந்திருக்கிறதாம். அப்படி ஆனால் இன்சுலின் சொல்வதைத் தசை கேட்காது. சர்க்கரையைச் சரியாக எடுத்துக்கொள்ளாது. பார்க்கப் பெரிது, வலு குறைவு.

தின்றதாலா, வேலை நின்றதாலா என்று கேட்டேன். இரண்டும்தான், எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார். பார்சலில் பாதியை நானும்தான் தின்றேன். எனக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? தினமும் அமரவிளை ஏற்றத்தில் நடப்பதாலா? இல்லை, எனக்கும் உள்ளே ஏறிக்கொண்டிருக்கிறதா?

வெளியே வந்ததும் அண்ணன்: "டாக்டருக்கு வடம்வலி தெரியுமா பிள்ளே? எனக்க தொடையப் பாத்தியா? போன வருசத்து நிக்கர் கேறல்ல!"

நிக்கர் தொடையில் ஏறவில்லை என்பதைப் பெருமையாகச் சொன்னான்.

ஆகஸ்ட் 8, சனி

வாங்க: சோப்பு, பச்சைப்பயறு, அம்மாவுக்குச் செருப்பு.

பாறசாலை சந்தையில் இறைச்சிக்கடை முன்னால் நின்றுவிட்டேன். தொங்கிய தொடையில் சிவப்புக்கு நடுவே வெள்ளை வரிகள். ஸ்கேனில் இப்படித்தான் இருந்திருக்குமா?

"வெள்ள வரி உள்ளதாக்கும் ருசி" என்றார் கடைக்காரர்.

"இது உழுத மாடா, சும்மா நின்ன மாடா?"

"செத்த மாடு பிள்ளே. ஒனக்கு எத்தற வேணும்?"

வாங்கவில்லை. செருப்பும் வாங்க மறந்தேன்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

சர்ச்சில் ஆராதனை முடிந்து மைதானத்தில் பயிற்சி. நானும் போனேன். விசில் ஊதியதும் அண்ணன் குதிகாலை மண்ணில் குத்திச் சாய்ந்தான். நின்றான். பிறகு தொடை நடுங்கியது, தூரத்திலிருந்தே தெரிந்தது. மொத்த அணியும் அவனோடு வழுக்கிக்கொண்டு போனது.

"எலே, மலை ஒழுகுது!" என்று ஒருவன் கத்தினான். எல்லோருக்கும் சிரிப்பு. அண்ணனும் சிரித்தான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

பினு அவனைப் பார்க்காமலே சொன்னான்: "போவட்டு. அதியன்னூர்ல ஒரு பய உண்டு."

ஆகஸ்ட் 12, புதன்

திங்கள் முதல் பார்சல் இல்லை. மத்தியானம் அண்ணன் சட்டை போட்டுக்கொண்டு கேட்டுக்கு வெளியே நிற்கிறான். யாரும் வருவதில்லை.

காலையில் லோடு வேலைக்குப் போய்ப் பார்த்தான். டைல்ஸ் பெட்டியோடு லாரிப் பலகையில் ஒரு அடி வைத்தானாம், முட்டு மடங்கியதாம். மேஸ்திரி திருப்பி அனுப்பிவிட்டார். "காலு சரியாயிட்டு வா மக்கா. விழுந்தா நான் யாருக்குப் பதில் சொல்ல?" வேறு ஆள் சேர்த்தால் இவன் இடம் போனதுதான். அண்ணனுக்கு வேறு வேலை தெரியாது.

அம்மா தேங்காயெண்ணெயில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்தேன்.

"பெலன் இல்லாதவனுக்குப் பின்ன கஞ்சித்தண்ணியா குடுக்கணும்?"

"டாக்டர் சொன்னது கேக்கல்லியா?"

"கிளப்புக்காரனுவ சோறு போட்டவனுவளாக்கும். குத்தம் சொல்லாத."

டாக்டர் சொன்னவை: எண்ணெய், கொழுப்பு குறை. தினமும் நட. நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்கார். படி ஏறு. விழாமல் பிடித்துக்கொள்ள பக்கத்தில் ஆள் வேண்டும். மாதக்கணக்கில். வலு திரும்பி வருமா? பெரும்பாலும் வரும் என்றார். பெரும்பாலும் என்றால் என்ன?

அவனைப் பிடிக்க என்னால் ஆகாது. நேற்று முயன்று இரண்டு பேரும் முற்றத்தில் விழுந்தோம்.

ஆகஸ்ட் 14, வெள்ளி

வேலை முடிந்து நேராகக் கிளப். கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதியன்னூர்ப் பையன் பெஞ்சில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தான். நல்ல பையன், எழுந்து எனக்கு இடம் விட்டான். உட்காரவில்லை.

"பினு அண்ணா, அவன இஞ்ச கொண்டு வரும்போ லாரிப் பலகை கேறுன காலு. இப்போ கக்கூஸுல இருந்து எழும்ப முடியல்ல."

"நாங்க விஷமா குடுத்தோம்? ஆசையாத் தின்னான்."

ஆசையாகத்தான் தின்றான். ஆனாலும் சொன்னேன்: கோச்சு, கேப்டன், கைதட்டினவர்கள் எல்லோரும் இருக்கிறீர்கள். தினமும் காலையில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து அவனைப் பிடித்து நடத்துங்கள், படி ஏற்றுங்கள். லாரியில் ஏறும் வரைக்கும்.

பினு காயை அடித்தான். அது குழியில் விழுந்தது.

"நாளைக்குக் காலத்த யாரு வருவிய?"

கேரம் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மறுபடியும் கேட்டேன்.

"பேரச் சொல்லுங்க. யாரு வருவிய?"