பாதி மொட்டையோடு சத்தம் போட்ட வக்கீல்

வக்கீலய்யா,

நேற்று மலையடிவார டென்ட் கொட்டகையில் ஒரு கொலைப் படம் பார்த்தேன். இரண்டு கொலை, பழி ஓர் அப்பாவி மேல். அவனுக்காக வாதாடும் வக்கீலே ஒட்டுத்தாடி வைத்துக்கொண்டு கொலைகாரனைத் தேடி அலைகிறார். கொட்டகையே கைதட்டியது. நான் மட்டும் மணலில் உட்கார்ந்து அழுதேன். ஒட்டுத்தாடிக்கே இத்தனை கைதட்டலா! நீங்கள் செய்ததை இவர்கள் பார்க்கவில்லையே.

எங்கள் ஊர் அம்மையார்குப்பத்து மாந்தோப்பில் இரண்டு பேர் வெட்டுப்பட்ட கேஸில் எங்கள் அண்ணனைப் பிடித்தார்கள். ஆடிக் கிருத்திகையன்று விடியுமுன், குடுமி அவிழ்ந்து தொங்க அவர் ஓடியதைக் கண்டேன் என்றான் தோப்புக் காவல்காரன். முதல் நாள் சாயந்திரமே மலையில் முடி கொடுக்க உட்கார்ந்துவிட்டேன் என்றார் அண்ணன். கொலைக்கு அப்புறம் ஆளை மறைக்கத்தான் மொட்டை போட்டான் என்று போலீஸ் எழுதியது. தூக்குப் பயத்தில் நாக்கு ஒட்டிப்போன மனிதருக்கு அதற்குமேல் பேச வரவில்லை.

தைக் கிருத்திகைக் கூட்டத்தில் என்னையும் அழைத்துப்போய், அண்ணனுக்கு முடியெடுத்தவரைத் தேடிக் கேட்டீர்கள்.

"ஆயிரம் தலைங்க. எந்தத் தலைன்னு சொல்றது?" என்று கையை விரித்தார்.

"கேட்டா சொல்ல மாட்டாரும்மா. உக்காந்தாதான்" என்றீர்கள் என்னிடம். தலைப்பாகையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, அவர் முன்னால் உட்கார்ந்தேவிட்டீர்கள்!

கூட்ட நாளில் முடியெடுப்பவர்கள் வழக்கம் தெரிந்ததுதானே. குடுமியை வெட்டி, ஒரு பக்கம் மட்டும் வழித்துவிட்டு அடுத்த ஆளைப் பிடிக்கப் போய்விடுவார்கள். பாதித் தலையோடு யார் எங்கே ஓட முடியும்? உங்களையும் அப்படியே விட்டுப் போனார். நீங்கள் எழுந்து போட்ட சத்தத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"போன ஆடில ஒருத்தன் இப்படித்தாங்க. பாதித் தலையோட விடியற வரைக்கும் என் பின்னாலயே கத்திகினு வந்தான். அம்மையார்குப்பத்து ஆளு."

"அவன் குடுமி?"

"அதைப் பொழுது சாயறப்பவே வெட்டிட்டேனே!"

முருகா! அது எங்கள் அண்ணனேதான். சாயந்திரம் வெட்டின குடுமி, மறுநாள் விடியுமுன் தோப்பில் எப்படித் தொங்கும்? சித்தூர்க் கோர்ட்டில் முடியெடுத்தவர் அதையே சொன்னார். அண்ணனை விட்டுவிட்டார்கள்.

தைக் கிருத்திகையன்று மலைப்படி இறங்கும்போது உங்கள் மொட்டையைப் பார்க்க மனசு கேட்கவில்லை. "எங்களால இப்படி ஆயிட்டீங்களே ஐயா" என்று அழுதேன்.

"போம்மா! என் முடி வளந்துடும். உங்க அண்ணன் தலை வளருமா?"

நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், ஐயா. அந்தத் தலை இருக்கிறது. சனிக்கிழமைதோறும் அதற்குச் சீயக்காய் கரைப்பவள் நான்தான். கரைக்கும்போதே கை நின்றுவிடுகிறது. "இன்னும் என்னாம்மா பண்ணிகினு இருக்கே, எண்ணெ கண்ணுல வழியுது!" என்று அண்ணன் கத்துகிறார்.