சீல் உடையாத மருந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முட்டி எப்படி இருக்கு?

இங்க ஒரு சின்ன விஷயம், பெருசா எடுத்துக்காதே. போன வாரம் எங்க கால்நடை ஆஸ்பத்திரியில ஒரு செம்மறியோட அழுகின குளம்பைச் சீவினோம். நான்தான் தலையைப் பிடிச்சேன். "வலி தெரியாம இருக்க ஊசி போட்டாச்சு, பதிவேட்டுல கையெழுத்துப் போடு"ன்னார் டாக்டர். போட்டேன். ஆடு நடுங்குச்சு, ஆனா கத்தலை. இன்னைக்கு ஃப்ரிட்ஜைத் துடைக்கிறப்ப பார்த்தா, வலி தெரியாம போடுற மருந்து இருந்தது ஒரே பாட்டில், அது சீல்கூட உடையலை. கேட்டா, "ஆடு கத்துச்சா?"ன்னு சிரிக்கிறார். அந்த மனுஷனை எவ்வளவு நம்பினேன்.

குளம்பு ஆற இங்கேயே இருக்கிற அந்த ஆடு, முன்னாடி என் கையில தீனி தின்னது, இப்ப என்னைக் கண்டா மூலைக்குப் போயிடுது. டாக்டர்கிட்ட ஒழுங்கா நிக்குது. பிடிச்ச கை என்னுதாச்சே.

என் தோளுக்குத் தேய்க்கத் தைலம் அனுப்பு. தபால் வண்டி வந்துடுச்சு, முடிக்கிறேன். வலிச்சா வாய்விட்டுச் சொல்லும்மா, நீயும் கத்தாத ஆளு.

உன் மகன்