கூரைக்குப் போன பேனர்

வெள்ளிக்கிழமை.

கல்லூரி கால்பந்து அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று மகள் பவித்ரா பையோடு வந்து நின்றாள். அணிக்கு ஆள் எடுத்தபோது முதலிடம் இவளுக்குத்தான். அன்று கடைசி இடத்தில் வந்த அத்திப்பட்டுப் பெண் இப்போது கேப்டனாம்.

‘முதலிடம்’ என்று இவள் படம் போட்டு, கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் பேனர் கட்டியவன் நான். பிறகு அதையே பாத்ரூமுக்குக் கூரையாகப் போட்டேன். முகம் வெயிலில் வெளுத்துவிடக் கூடாதென்று படத்தை உள்பக்கமாகத் திருப்பியிருந்தேன்.

குளிக்கப் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேனரை அவிழ்க்க ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அதற்குள் கண் சிவக்க வெளியே வந்து நின்றாள்.

“உட்டுடு நைனா. மழைக்காச்சும் ஒதவட்டும்.”

இப்போது மழை கொட்டுகிறது. ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.