வள்ளிமயில் கண்ட புளி

என் மயிலுக்கு,

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. இந்த முறை கண்மாய் நிறைந்தது. உன் அண்ணன் இருந்திருந்தால் கரையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பாம்பனில் புதுப் பாலத்தில் ரயில் ஓடுகிறது; நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மருத்துவர் சொன்ன பயிற்சியை நாள் தவறாமல் செய்கிறேன், பலன்தான் இல்லை.

இதை உனக்காக மட்டும் எழுதவில்லை, அச்சில் போடக் கொடுக்கப்போகிறேன். உன்னைப் பற்றிச் சிலர் ஒரு மாதிரியாகப் பேசியதைப் பலர் கேட்டிருக்கிறார்கள். பதிலும் பலர் காதில் விழ வேண்டும்.

உன்னை அறியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நீ என் கணவரின் தங்கை. திருவாடானைப் பக்கம் நெல்லும் மிளகாயும் விளைகிற வீட்டில் பிறந்து, வெளியூர் ஆய்வுக்கூடம் ஒன்றில் முப்பது வருடம் கல்லோடு வாழ்ந்தாய். சிறு உருளைகளாக அறுத்த பாறையை இயந்திரத்தில் வைத்து, அது விரிசல் விடும்வரை அழுத்துவாய். பூமிக்கு அடியில் நிலநடுக்கத்தின்போது நடப்பதைக் கையளவில் நடத்திப் பார்ப்பது அது என்று எனக்கு விளக்கினாய். உன் அண்ணனுக்கு அது கடைசிவரை வேடிக்கைதான்.

"ஏத்தா மயிலு, கல்லு ஒடைக்கவா ஒன்னைய இம்புட்டுப் படிக்க வச்சேன்?"

"ஒடைக்க ஆருனாலும் ஒடைப்பாகண்ணே. ஒடையுறதுக்கு முன்னால அது உள்ளுக்குள்ள நொறுங்குற சத்தம் இருக்குல்ல, அதக் கேக்கத்தான் சம்பளம்."

தொண்டிக்கு வடக்கே கடலோரத்தில் இடிந்து நிற்கும் பழைய பண்டகசாலைச் சுவர் உன்னை எப்போது பிடித்துக்கொண்டது என்று எனக்குத் தெரியாது. பவளக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டியது. எத்தனை காலத்துச் சுவர் என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. சிமெண்டு இறுகி நிற்கும், நிலம் அசைந்தால் விரிசல் விட்டுவிடும். சுண்ணாம்பு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் என்றாய். அந்தச் சுவரில் விழுந்த விரிசல்கள் தாமாகவே மூடியிருப்பதைக் காட்டினாய். அது எப்படி என்பதுதான் உன் கேள்வி. பூமி செய்த கல்லையும் மனிதன் செய்த கல்லையும் ஒரே உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும் என்பாய்.

அந்தச் சாந்துத் துண்டுகளை எண் எழுதிய துணிப் பைகளில் போட்டு எங்கள் பின்கட்டில் வைத்தாய். மதுரைக்குப் புறப்படும்போது, "ரெண்டு நாள்ல வாரேன். அதத் தொட்றாதீக மதினி," என்றாய்.

தொட்டேன்.

எங்கள் பெரியவளுக்குப் பரிசம் போடுகிற வாரம் அது. சம்பந்தி வீட்டார் பின்கட்டு வழியாகத்தான் கை கழுவப் போவார்கள். பைகளில் கடற்பாசி நாற்றம், எறும்பு வேறு. நான் கான்வென்ட்டில் வளர்ந்தவள். எங்கள் சிஸ்டர் விரல் நகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குள் விடுவார். என் வீட்டில் நாற்றமடிக்கும் மூட்டையோடு சம்பந்தியை வரவேற்க மனம் வரவில்லை. குத்துவிளக்குத் தேய்த்த புளிக்கரைசல் அண்டாவில் மிச்சம் இருந்தது. துண்டுகளை அதில் போட்டேன். உடனே நுரை வந்தது. அழுக்கு கழன்று வருகிறது என்று மகிழ்ந்தேன்! காலையில் அலசி, நிழலில் உலர்த்தி, ஒரு எண்கூட மாறாமல் அந்தந்தப் பையில் போட்டுக் கட்டினேன். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

திரும்பி வந்து பார்த்தாய். "என்ன மதினி, பையெல்லாம் தொவச்ச மாதிரி இருக்கு?"

"பைதான் துவைத்தேன், நாறியது," என்றேன். பையையும் துவைத்திருந்தேன்; அதனால் அது பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்து நிமிடம் உன்னிடம் தலைகுனிந்திருந்தால் முடிந்திருக்கும். இளையவளிடம் தலைகுனிவதா என்று நினைத்தேன்.

ஆறேழு மாதம் கழித்து நீ தொலைபேசியில் கூப்பிட்டாய். அத்தனை சந்தோஷமாக உன் குரலை அதற்கு முன்பும் பின்பும் நான் கேட்டதில்லை. "மதினி, ஒரு அதிசயம் கேளுங்க. நம்ம ஊரு பழைய கொத்தனாரு சாந்துல புளி சேத்துருக்காக!"

"எல்லாத் துண்டிலுமா?"

"ஒண்ணு விடாம மதினி!"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். முன்னோர்கள் உண்மையாகவே புளி சேர்த்திருக்கலாமே, கடுக்காயும் கருப்பட்டியும் சேர்க்கவில்லையா என்று ஒரு சமாதானத்தைக் கண்டுபிடித்துக்கொண்டேன். நீ அதை ஆய்வுக் கட்டுரையாக எழுதினாய். பல ஊர்களுக்குக் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் சொல்லும் நேரம் தவறிக்கொண்டே போயிற்று. பிறகு நீயும் போய்விட்டாய்.

மூன்று மாதம் முன்பு பர்வீன் வந்தாள். உன் கடைசி மாணவி, தொண்டிப் பெண், இப்போது உன் மேசையில் உட்கார்ந்திருக்கிறாளாம். அதே சுவரில் அவள் எடுத்த புதுத் துண்டுகளில் புளி இல்லை. பழைய துண்டு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டு வந்தவள், காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள்.

"ஆய்வுக்கூடத்துல சிலபேரு, மேடம் ஆசைப்பட்டு எழுதிட்டாகன்னு சொல்றாகம்மா."

"ஆசைப்பட்டு என்றால்?"

"இல்லாதத இருக்குன்னு."

என் வீட்டுப் பெண் இல்லாததை எழுத மாட்டாள் என்று சத்தம் போட்டேன். "எனக்குத் தெரியாதாம்மா? ஆனா காரணம் சொல்ல எங்கையில ஒண்ணுமில்லயே," என்றாள். காரணம் அவள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தது. இன்னொரு டம்ளர் காபி வேண்டுமா என்று கேட்டேன்.

பேருந்து நிறுத்தம்வரை அவளோடு நடந்தேன். வண்டி வந்தது. படியில் கால் வைத்தவளின் தோள்பையைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

நடத்துநர் எட்டிப் பார்த்தார். "ஏத்தா, ஏறுறீகளா, இல்ல இங்கனயே குடும்பம் நடத்துறீகளா?"

"நீங்க போங்கண்ணே," என்றாள் பர்வீன். வண்டி போனபிறகு எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். கோபப்படுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

"புளி புதுசா, பழசா?"

"பழம்புளி."

"உப்புப் போட்டீகளா?"

"ஒரு கை."

"எம்புட்டு நேரம் ஊறுச்சு?"

"விளக்கேற்றும் நேரத்திலிருந்து விடியும்வரை."

எழுதி முடித்துவிட்டு நோட்டின் முன்பக்கங்களைப் புரட்டினாள். பிறகுதான் சொன்னாள். உன் குறிப்பில், புளி துண்டின் வெளிப்புறத்தில் அதிகம், உள்ளே போகப் போகக் குறைவு என்று இருக்கிறதாம். கடைசிப் பூச்சில் மட்டும் சேர்த்திருக்க வேண்டும் என்று நீ ஊகித்திருக்கிறாய். பார்த்ததைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறாய் மயிலு. ஊறவைத்த சாந்து வேறெப்படி இருக்கும்?

அடுத்த வாரம் அவள் புதுத் துண்டுகளோடு வந்தாள். பாதியை அப்படியே வைத்தோம், பாதியை நான் அன்று செய்தபடியே ஊறவைத்தோம். அண்டாவை முதலில் துலக்கிவிடுகிறேன் என்றேன். "இப்ப மட்டும் சுத்தம் வேணாம்மா, ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறேன்," என்று சிரித்தாள். நுரை வந்தபோது என்னால் பார்க்க முடியவில்லை. அது அழுக்கு அல்ல, சுண்ணாம்பே கரைகிறது என்று இப்போது எனக்குத் தெரியும்.

போன வாரம் முடிவு வந்தது. ஊறாத துண்டில் புளி இல்லை. ஊறியதில் நீ எழுதியபடியே, வெளியே அதிகம், உள்ளே குறைவு.

உனக்குச் சந்தேகம் வந்திருக்குமா என்று பல நாள் யோசித்தேன். வந்திருந்தால் நீ என்னை விட்டிருக்க மாட்டாய். உன் அண்ணனையே விட்டதில்லை. பை துவைத்தேன் என்று நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டாய், அவ்வளவுதான். கல்லை அழுத்தி அழுத்திச் சோதித்தவள், என் வார்த்தையை ஒரு முறைகூடச் சோதிக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. புளி வந்தபிறகு, விரிசல் எப்படி மூடுகிறது என்ற உன் முதல் கேள்வி ஓரமாகப் போய்விட்டதாம். கேட்டவர்களுக்கெல்லாம் புளிதான் பிடித்திருக்கிறது. உன் கடைசி வருடங்களை நான் எங்கே திருப்பிவிட்டேன் பார். மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டுபோய் விரிசலுக்குள் மறுபடி படியவைக்கிறதா என்று பர்வீன் இப்போது பார்க்கிறாள். நீ பார்த்திருக்க வேண்டியது.

உன் கட்டுரைக்குத் திருத்தம் ஒன்று பர்வீன் எழுதுகிறாள். "குடும்பத்துல ஒருத்தர்னு போடுறேன்மா, பேரு எதுக்கு?" என்றாள். பேர் போடு என்றேன். எழுத்துப் பிழை வராமல் இருக்க நானே எழுதிக் கொடுத்தேன். "அம்மா, இந்த வயசுல உனக்கு எதுக்கு இது?" என்கிறான் மகன். இந்த வயதில் செய்யாமல் எப்போது செய்வது?

அடுத்த மாதம் உன் ஆய்வுக்கூடத்தில் அந்தத் திருத்தத்தை எல்லோர் முன்னிலும் வாசிக்கிறார்கள். பர்வீன் வாசிப்பதாக இருந்தது. நான் வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ரயிலுக்குப் பதிவு செய்தாயிற்று. முதல் வரியை மனப்பாடம் செய்திருக்கிறேன்: "வள்ளிமயில் கண்டதைக் கண்டபடி எழுதினாள், கல்லைக் கெடுத்தவள் நான்." அவர்கள் என்ன கேட்டாலும் பதில் சொல்வேன், அரை உண்மையாக ஒன்றையும் சொல்ல மாட்டேன். கடைசிக் கேள்வி முடியும்வரை உட்கார மாட்டேன், முழங்கால் என்ன சொன்னாலும் சரி. இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் அண்ணன் மனைவி,
உன் மதினி
சௌந்தரம்