புறங்கையில் ஒரு மரு

சேக்காடு, ஆவடி.

அம்மாவை வணங்கி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நீங்கள் கொடுத்த சிறுநீரகம் இங்கே சௌக்கியம். என்னைவிட ஒழுங்காக வேலை செய்கிறது.

போனில் சொன்னால் குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன். என் புறங்கையில் ஒரு மரு வந்தது. நான் மேற்பார்வையிடும் வெள்ளானூர் கட்டடத்தின் காவலாளி பூங்காவனம், “இன்னா சார், இதுக்குப் போயி டாக்டரா? குதிர முடி கட்டிகினா தானா உழுந்துடும்” என்று அவரே கட்டிவிட்டார். விழுந்தது. அதே இடத்தில் பெரிதாக முளைத்து, இப்போது ரத்தம் கசிகிறது.

தோல் டாக்டர் கலைவாணியிடம் காட்டினேன். மருவைக் கொண்டுவரும் வைரஸ் பெரும்பாலோரை ஒன்றும் செய்யாதாம். ஆனால் உங்கள் சிறுநீரகத்தை என் உடம்பு தள்ளிவிடாதிருக்க நான் விழுங்கும் மாத்திரை, உடம்பின் எதிர்ப்பையே அடக்கிவைக்கிறது. அந்த நிலையில் வைரஸும் வெயிலும் சேர்ந்தால் தோலில் புற்று வரும் ஆபத்து அதிகமாம்.

“மாத்திரையை நிறுத்திடலாமா?” என்றேன்.

“நிறுத்தினா கிட்னி போயிடும் சார்” என்றார்.

விருந்தாளி தங்குவதற்காகக் காவலைத் தூங்கவைத்தோம். வேறு யார் நுழைந்தது என்று இப்போதுதான் பார்க்கிறோம்.

கொஞ்சம் சதை வெட்டிச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். வியாழக்கிழமை முடிவு வரும். கவலைப்பட ஒன்றுமில்லை.

அப்பாவின் முழுக்கைச் சட்டைகளை அனுப்புங்கள், வெயிலுக்கு ஆகும். மரு மறைய நீங்கள் கோயில் குளத்தில் உப்பும் மிளகும் போடும்போதெல்லாம் சிரிப்பேனே, இந்த வாரம் எனக்காகப் போடுங்கள். வியாழனுக்கு முன்பே போடுங்கள்.

கான்கிரீட் வண்டி வந்துவிட்டது.

மகன்,
உலகநாதன்